தங்கும் வசதி

நர்ஸுகள் ஏன் கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தபோது நான் மதுரையில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். எழுபதுகளின் கடைசி. மதுரைக்கு மேற்கே இருந்த துணை சுகாதார நிலையங்கள் பல பூட்டியே கிடப்பதாக யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் ஒரு பெரிய டாக்டர். குழுவில் ஒரு நர்ஸ் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். என்னைச் சேர்த்தார்கள். மற்ற எல்லாரும் ஆண்கள்.

தல்லாகுளத்தில் நான் குடியிருந்த வீட்டு வாசலுக்கே காலையில் ஜீப் வந்துவிடும். முன் சீட்டில் டாக்டர். பின்னால் பக்கவாட்டுப் பலகையில் நானும் கணக்கெடுக்க வந்த ஆட்களும். உசிலம்பட்டி ரோட்டில் போய், அங்கங்கே மண் பாதையில் இறங்கி, ஊர் ஊராகப் பார்ப்போம். வழியில் டாக்டர் கையைக் காட்டினால் ஜீப் ஒரு புளியமரத்தடியில் நிற்கும். ஆண்கள் இறங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் போய்வருவார்கள். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே காலையில் காபி குடிப்பதை நிறுத்தினேன். பிறகு தண்ணீரையும் நிறுத்தினேன். போகிற ஊரில் எல்லாம் சொம்பை நீட்டுவார்கள். வாயை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமாகவும் எனக்குப் படவில்லை.

அப்படிப் போன ஊர்களில் ஒன்றில்தான் அவளைப் பார்த்தேன். ஊருக்குள் இடம் கொடுக்க யாரும் முன்வராததால் சுகாதார நிலையத்தைக் கம்மாய்க்கரைப் புறம்போக்கில் கட்டியிருந்தார்கள். ஊரின் கடைசி வீட்டிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. இரண்டு அறை. முன்னறையில் மருந்து அலமாரியும் பிரசவக் கட்டிலும். பின்னறையில் நர்ஸ் குடியிருக்க வேண்டும். சுற்றிலும் கருவேல முள்.

நாங்கள் போனபோது அவள் ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். "தேதி சொல்லி விட்டனா இல்லையா? ஊசி போட்டா காய்ச்ச வரும்னு யாருடி சொன்னது? காய்ச்ச வந்தா என்ன, நான் செத்தா போயிட்டேன்?" அந்தப் பெண்ணும் விடவில்லை, பதிலுக்குப் பேசினாள். கடைசியில் பிள்ளைக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டுத்தான் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். கிட்டத்தட்ட என் வயது. உருண்டை முகம். மதுரை தெற்குவாசல் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அப்பாவுக்கு அங்கே பிஸ்கட் கடை. அவர்கள் சந்தில் நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஊர்க்காரர்களுக்கு அவள் நர்ஸம்மா.

டாக்டர் கேட்டார். "நீங்க இங்கதான் தங்குறீங்களா?"

"தங்குறேன் சார். சனிக்கிழம மதுரைக்குப் போயிருவேன். மக எங்கம்மாகிட்ட இருக்கா. நடுவுல ஒண்ணுரெண்டு நாளும் போவேன். பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "வீடு குடுத்திருக்கு. கரண்ட் குடுத்திருக்கு. அப்பறம் என்ன கஷ்டம்?"

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே சார்? இப்ப ஒங்களுக்கு வெளிய போகணும்னா எங்க போவீங்க?"

கணக்கெடுக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டரின் முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த படிவத்தில் தங்கும் வசதி என்ற இடத்துக்கு எதிரே 'உண்டு' என்று எழுதிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அவள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "மேடம், காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. ஒதட்டப் பாத்தாலே தெரியுது. வாங்க."

பின்பக்கம் குளிப்பதற்கென்று ஓலைத் தட்டி ஒன்று கட்டியிருந்தாள். பாதி ஓலை காற்றில் பிய்ந்து போயிருந்தது. ஒரு பழைய சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் எழுந்திருக்கும்வரை நின்றாள். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் குடித்தேன்.

"குளிக்கிறதுக்கு இது ஆகும். மத்ததுக்குக் கம்மாய்க்குத்தான் போகணும்," என்றாள். "ஊர்ப் பொம்பளைக விடியறதுக்குள்ள கூட்டமாப் போவாங்க. அது ஊருக்கு அந்தப் பக்கம். அங்க போகணும்னா நான் ஊரையே சுத்திப் போகணும். இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். கரை மேல ஆம்பளைக பீடியப் பத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான்க. நான் போற நேரம் அவனுகளுக்குத் தெரியும். நான் அதுக்காகவே ராத்திரி சோறு திங்கிறதில்ல மேடம். மாசத்துல அந்த நாள் வந்தா பஸ் ஏறிருவேன். யாரு என்ன எழுதுனாலும் சரின்னு ஏறிருவேன்."

திரும்பும் வழியில் டாக்டர் சொன்னார்: "வாய் ஜாஸ்தி. வேலை செய்ய மனசில்லாதவங்க எல்லாம் இப்படித்தான் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க."

நான் ஊர்த் தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த விவசாயி. கெட்ட மனிதர் இல்லை. அவர் வீட்டிலிருந்துதான் அவளுக்குப் பால் போய்க்கொண்டிருந்தது. "எங்க வீட்டுப் பொம்பளைக போகலையாம்மா? நர்ஸம்மாவுக்கு மட்டும் அம்புட்டு கூச்சமாக்கும்? ஊருக்கே இல்லாதத அந்தம்மாவுக்குக் கட்டிக் குடுத்தா நாளைக்கு என் வீட்டுக்காரியே என்னயக் கேப்பா," என்றார். தல்லாகுளத்தில் கட்டிடப் பிரிவு அலுவலகத்துக்கும் போனேன். "பிளான்ல கக்கூஸ் கிடையாதும்மா," என்றார் அங்கே இருந்த என்ஜினீயர். "இல்லாதத நான் எப்படிக் கட்டுறது?" பிளான் யார் போட்டது என்று கேட்டேன். "மெட்ராஸ்ல," என்றார். மெட்ராஸில் யாரைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அறிக்கையில் நான் ஒரு பத்தி எழுதினேன். பார்த்த நிலையங்கள் எதிலும் கழிப்பறை இல்லை, பெண்கள் தனியாக இரவு தங்காததற்கு இது முக்கியமான காரணம் என்று எழுதியிருந்தேன். டாக்டர் அதைப் பேனாவால் அடித்தார். "இதெல்லாம் ஒரு ரிப்போர்ட்ல வர்ற விஷயமா? மேல இருக்கறவங்க படிக்கறது. ஒரு கௌரவம் வேண்டாமா?" அந்த இடத்தில் ஊழியர்களிடம் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று எழுதினார். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். உடனே எடுத்துவிட்டார்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. நர்ஸுகள் வேலை பார்க்கும் ஊரிலேயே இரவு தங்க வேண்டும். அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். இல்லையென்றால் சம்பளம் பிடிக்கப்படும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அப்பா கடை பிஸ்கட் பொட்டலம். அதை மேசை மேல் வைத்துவிட்டு, "நல்ல ஆராய்ச்சி பண்ணுனீங்க மேடம்," என்றாள். உட்காரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "ஒதுங்க எடமில்லன்னு எழுதுனதுக்கு ஒங்க எழுத்துக்கே எடமில்லாமப் போச்சா!" இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

காபி குடிக்கும்போது கேட்டேன். "வேலைய விட்டுடலாம்னு தோணலையா?"

"மச்சானும் அதான் சொல்றாரு." ஆரப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கணவரைத்தான் மச்சான் என்றாள். "விட மாட்டேன் மேடம். எங்கத்தா அந்த பிஸ்கட் கடைய வச்சுக்கிட்டு, சந்துல எம்புட்டுப் பேருகிட்டப் பேச்சு வாங்கிட்டு என்னயப் படிக்க வச்சாரு தெரியுமா? பொட்டப்புள்ள நர்ஸாப் போனா யாரு கட்டுவான்னு கேட்டாங்க. இப்ப அவங்க வீட்டுப் பிரசவத்துக்கே நான்தான் வேணுங்கிறாங்க. தங்கித்தான் பாக்கறேன்."

தங்கினாள். வாரம் முழுவதும் தங்கினாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மேற்கே கம்மாய்கள் நிரம்பியதை ஊரே கொண்டாடியது. தண்ணீர் ஏறியதும் பள்ளத்தில் இருந்ததெல்லாம் கரைக்கு வந்தது. ஒருநாள் விடிவதற்கு முன்னால் கரை ஓரத்தில் அவளைக் கண்ணாடி விரியன் கடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர்த் தலைவர்தான் எனக்குச் சொன்னார். அவள் போட்ட சத்தம் கேட்டு முதலில் ஓடியது கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள். மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆள் அனுப்பப் போனார்களாம். "விரியன். நானே பாத்தேன். மந்திரம் கிந்திரம்னு நேரத்தக் கெடுக்காதீங்க. பஸ்ஸ மறிங்க," என்று அவள் கத்தியிருக்கிறாள். மண் பாதையெல்லாம் சேறு. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் ஏற்றினார்கள். வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இல்லை. டிரைவர் அதற்குப் பிறகு எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் மதுரைக்கு ஓட்டி வந்தார். பஸ்ஸில் இருந்த ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லையாம்.

என் மாணவிகளுக்கு அந்த வாரம் பெரியாஸ்பத்திரியில் வார்டு வேலை. ஒரு மாணவிதான் வந்து, உங்களைக் கேட்டு ஒரு நர்ஸ் படுத்திருக்கிறார் என்றாள். போனேன். இடது கால் தொடைவரை வீங்கி மினுமினுத்தது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒங்க பிள்ளைகளக் கூப்புடுங்க மேடம். விரியங்கடி எப்படி இருக்கும்னு பாத்துக்கிறட்டும். புத்தகத்துல இம்புட்டுத் தெளிவா இருக்காது," என்றாள். மாணவிகள் வந்து நின்றார்கள். ஒருத்தி அழுதுவிட்டாள். அவளைத் திட்டி அனுப்பினாள்.

மருந்து கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. வீக்கமும் கொஞ்சம் வடிந்தது. பிழைத்துவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் கண் எப்போதும் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையிலேயே இருந்தது. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் முதலில் அதைத்தான் சொல்வாள். "இன்னைக்கும் ஒண்ணும் எறங்கல மேடம்." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிறுநீரகம் போய்விட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரத்துக்கு மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். போகிற நிலையில் அவள் இல்லை.

கணவர் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். விரலெல்லாம் கிரீஸ் கறை. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கவர்மென்ட்டு வீடு குடுத்திருக்குன்னு கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்க்கா," என்றார்.

கடைசியாக அவள் தெளிவாகப் பேசிய நாளில் முகமெல்லாம் ஊதியிருந்தது. "கெழக்குத் தெருவுல ஒரு பிள்ளத்தாச்சி. காலு வீங்கிக் கெடக்கு. தலவலிங்கிறா. அவள மதுரைக்குக் கூட்டியாரச் சொல்லுங்க. மாமியா விடமாட்டா. சண்ட போட்டுத்தான் கூட்டியாரணும், தன்மையாப் பேசுனா அந்தம்மா கேக்காது," என்றாள். தலைவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் மாட்டுவண்டியும் பஸ்ஸுமாக அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார். பெண் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது நர்ஸுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

தெற்குவாசல் சந்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போனேன். பெண்கள் உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் யாருடைய மடியிலோ உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சந்து முனையில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். தலைவர், கட்டிலைத் தூக்கி வந்தவர்கள், இன்னும் சில பேர். அடைத்து நின்றார்களே தவிர உள்ளே வரத் தயங்கினார்கள். தலைவர் கையில் பெரிய மாலை. என்னைத் தனியே கூப்பிட்டு, "இவங்க வழக்கத்துல மாலை போடலாமாம்மா? தப்பா எடுத்துக்கிருவாங்களா?" என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. கணவரைக் கேட்டோம். "வேணாம்ணே. பின்னாடி நடந்து வாங்க, அது போதும்," என்றார். மாலையை அங்கேயே ஒரு சைக்கிளில் தொங்க விட்டுவிட்டு, எல்லாரும் அடக்கம் செய்யும் மையவாடி வரை நடந்து போனார்கள்.

வேலையில் இருக்கும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவிக்குக் கணவர் மனுப் போட்டார். பதில் வந்தது. சம்பவம் பணி நேரத்தில் நடக்கவில்லை, அவர் சொந்த வேலையாக வெளியே சென்றிருந்தார் என்று எழுதியிருந்தார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

"ராத்திரியும் அங்கதான் இருக்கணும்னு உத்தரவு போட்டது நீங்க. அப்ப ராத்திரியும் வேலை நேரம்தானே சார்?" என்றேன்.

அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். "தங்கறது வேறம்மா, வேலை பாக்கறது வேற. பிரசவம் பாக்கப் போறப்ப கடிச்சிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "அந்த நேரத்துல எதுக்குப் போனாங்க? நீங்களே சொல்லுங்க," என்றார். பக்கத்து மேசைகளில் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேல்முறையீடு, இன்னொரு மேல்முறையீடு என்று அது வருஷக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் அதே கேள்வி. ஒருநாள் கணவரின் ஆரப்பாளையம் கடைக்கு அடுத்த மனுவை எடுத்துக்கொண்டு போனேன். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போதும்க்கா. போற எடத்துல எல்லாம் அவ எதுக்குப் போனாங்கிறத நாலு பேரு முன்னாடி என் வாயால சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு அந்தக் காசு வேணாம்." நான் வற்புறுத்தவில்லை. மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் சொந்தமாக ஆராய்ச்சியில் இறங்கினேன். மேல்படிப்புக்குப் பதிவு செய்தபோது தலைப்பைக் கேட்ட பேராசிரியர் சம்பளம், பதவி உயர்வு என்று ஏதாவது எடுக்கச் சொன்னார். இது ஆராய்ச்சிக்கான விஷயமே இல்லை என்பது அவர் கருத்து. நான் பிடிவாதமாக நின்றேன். விடுமுறை நாட்களில் திருமங்கலம் பக்கமும் மேலூர் பக்கமும் பஸ்ஸில் போய் நர்ஸுகளைப் பார்ப்பேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அதிகாரிக்குச் சொல்கிற மாதிரி பதில் சொல்வார்கள். "வெளிய எங்க போறீங்க?" என்று கேட்டதும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவார்கள். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர்த் தொற்று வந்தவள், ஊர்ப் பெரிய மனிதரின் மகனுக்குப் பயந்து இடமாற்றம் கேட்டு மாசக்கணக்காக அலைந்தவள், மாமியாரைக் கூடவே கூட்டி வந்து வைத்துக்கொண்டு அவருக்கும் சேர்த்துச் சீக்கு பார்த்தவள் என்று எத்தனையோ பேர். சொல்லி முடித்ததும் பலர் ஒரே மாதிரி கேட்டார்கள்: "எங்க ஊர் பேரப் போட்டுற மாட்டீங்களே மேடம்?"

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அந்த ஊர்த் தலைவர் தல்லாகுளத்து வீட்டைத் தேடி வந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. "ஊர்க்காசுல பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டிட்டோம்மா. கதவு கூட போட்டாச்சு. ஒரு நர்ஸம்மாவ மட்டும் அனுப்பி வைங்க," என்றார். அனுப்பும் அதிகாரம் எனக்கு இல்லை. தெரிந்த அதிகாரிகளிடம் சொன்னேன். ஒருத்தியைப் போட்டார்கள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நீண்ட விடுப்பில் போய்விட்டாள். அடுத்தவள் உத்தரவைக் கையில் வாங்கும்போதே, "நர்ஸப் பாம்பு கடிச்ச ஊருதானே?" என்று கேட்டாளாம். அவள் வரவே இல்லை. அந்தக் கிழக்குத் தெருப் பெண்ணுக்கு அடுத்த பிரசவம் வீட்டிலேயே நடந்தது. இந்த முறை அவளையும் காப்பாற்ற முடியவில்லை. கிட்டத்தில் நர்ஸ் இல்லை, பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

என் ஆராய்ச்சியை ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். அதை வைத்து மெட்ராஸில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். தலைமை வகித்தவர் முன்பு என் பத்தியை அடித்த அதே டாக்டர். இப்போது பெரிய பதவியில் இருந்தார். மதுரை கே.கே. நகரில் சொந்த வீடு கட்டிவிட்டதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. துணை சுகாதார நிலையங்களின் பிளானில் கழிப்பறை சேர்க்கலாம் என்று அவரே சொல்லிக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார்.

"அன்னைக்கு ஜீப்ல போனோமே, என்கிட்ட எதிர்த்துக் கேள்வி கேட்டாளே ஒரு பொண்ணு. நீங்க இன்னைக்குப் பாம்பு கடிச்சதாச் சொன்னது அந்தப் பொண்ணு தானே?"

"ஆமா சார்."

"பேரு என்ன?"

சொன்னேன். ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

அரசாணையின் நகல் சில மாதங்கள் கழித்து மதுரைக்கு வந்தது. இனிமேல் கட்டப்போகும் நிலையங்களுக்கு மட்டும் அது பொருந்தும். ஏற்கெனவே கட்டியவற்றுக்குப் பணம் ஒதுக்கவில்லை. நான் பார்த்த நிலையங்கள் எல்லாமே ஏற்கெனவே கட்டியவை. அவற்றில் இருந்த நர்ஸுகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்த மாதம் எந்த ஊருக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.